ஆற்றில் விழுந்த இருவர்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. ஒரு நாள் காலையில் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். உடன்பிறந்தவர்களுக்குள் வரும் பொறாமையைப் பற்றிப் பழைய கதைப்பாடல்களும் நாட்டுப்புறக் கதைகளும் ஏராளமாக இருக்கின்றன, அவற்றை வைத்து ஒரு சிறப்பிதழ் போடுகிறோம், உங்களிடமிருந்து ஒரு கதை வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நான், "பாதி எழுதியே வச்சிருக்கேன் சார்," என்றேன்.

ஒரு வரி எழுதியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னபோது பொய் சொல்கிற கூச்சம் வரவில்லை. ஏனென்றால் இருபத்தெட்டு வருடமாக இந்தக் கதையை மனசுக்குள் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அதில் செத்துப்போகிற தங்கை நான். தள்ளிவிடுகிறவள் என் அக்கா.

இந்த வகைப் பாடல்களைக் கேட்டிராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் இருப்பார்கள். மூத்தவள் வீட்டு வேலையெல்லாம் செய்கிறவள், இளையவள் பார்க்க லட்சணம். ஒரு மாப்பிள்ளை வருவான், அல்லது ஒரு மோதிரம் வரும். அது இளையவளுக்குப் போகும். மூத்தவள் சிரித்த முகத்தோடு, "வா, ஆத்துல தண்ணி எவ்வளவு வந்திருக்குன்னு பார்த்துட்டு வரலாம்" என்பாள். அவ்வளவுதான். இளையவள் கரை ஒதுங்கிய இடத்தில் ஒரு மரம் முளைக்கும். வழிப்போக்கன் ஒருவன் அதில் ஒரு கிளையை வெட்டி வாத்தியம் செய்வான். அந்த வாத்தியம், நாலு பேர் கூடியிருக்கிற இடமாகப் பார்த்து, நடந்ததைத் தானாகவே பாடிவிடும். அண்ணன் தம்பி என்றால் ஆற்றுக்குப் பதில் கிணறு; மற்றதெல்லாம் அதேதான்.

அந்த வாத்தியம் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. எழுதுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட நினைப்புகள் வரும். மருந்து கிடையாது.

2

முதல் தொடக்கம்:

"அந்த நதி அன்று வழக்கத்தைவிட மௌனமாக—"

(நதிக்கு வழக்கம் என்ன என்று எனக்குத் தெரியாது. நாங்கள் வளர்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது தண்ணீர்த் தொட்டி. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்:

"அக்காவின் கண்களில் பொறாமை—"

(அக்காவின் கண்களில் நான் பார்த்ததெல்லாம் கிட்டப்பார்வை. பத்து வயதிலேயே கண்ணாடி போட்டவள். இதையும் அடித்துவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கம்:

"ஒரு வீட்டில் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். அவர்களில் நல்லவள்"

(இந்த இடத்தில் வாசல் மணி அடித்தது. திரும்பி வந்து வாசித்துப் பார்த்தபோது, இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை என்று தோன்றியது. இந்த வகைப் பாடல்கள் எல்லாம் இந்த அரை வரியைத்தான் நூறு வரியாக நீட்டியிருக்கின்றன. அடிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும்.)

[அடிக்குறிப்பு: நான் படித்துப் பார்த்த பாடல்களில், மூத்தவள் தன் பக்கத்தைச் சொல்வதாக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதிகம் தேடினேன் என்றும் சொல்ல முடியாது.]

3

தொடக்கம் சரியாக வராதபோது நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது நல்லது.

எனக்குப் பதின்மூன்று வயது, அக்காவுக்குப் பதினாறு. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவுக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரோ இருவரை நாள் முழுவதும் இணைத்துவிடுகிற வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மத்தியான ஷிப்ட்.

அந்த வருடம் வானொலி நிலையத்தில் சிறுவர்களுக்காக ஒரு தொடர் நாடகம் போட முடிவு செய்தார்கள். பன்னிரண்டு வாரம். கதை, நான் மேலே சொன்ன அதே கதை. அக்காளும் தங்கையும், ஆறும், வாத்தியமும். தங்கையாகப் பேசுவதற்குப் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். நான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். தனியாக அனுப்ப முடியாது, கூட நீயும் போ என்று அம்மா அக்காவையும் அனுப்பினாள்.

போன இடத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர், வந்ததுதான் வந்தாய், நீயும் ஒரு பக்கம் வாசித்துவிட்டுப் போ என்று அக்காவிடம் சொன்னார். அவளும் வாசித்தாள். இருவரும் வாசித்தது ஒரே பக்கம். தங்கை தண்ணீருக்குள் இருந்து, "அக்கா, கையைக் குடு" என்று மூன்று முறை கூப்பிடுகிற கட்டம். நான் மூன்று முறையும் கத்தினேன். அக்கா முதல் முறை சாதாரணமாக, இரண்டாம் முறை கொஞ்சம் மெதுவாக, மூன்றாம் முறை ஏறக்குறைய சத்தமே இல்லாமல் சொன்னாள். (இதை நான் இப்போதுதான் எழுதுகிறேன். இருபத்தெட்டு வருடமாக என் கதையில் இந்த வரி இல்லை.)

மூன்று வாரத்தில் கடிதம் வரும் என்றார்கள். வரவில்லை. நாலாவது வாரம் தெருமுனையில் தபால்காரரைப் பிடித்துக் கேட்டேன். "ரேடியோ ஸ்டேஷன் லெட்டர்தானே? போன வாரமே உங்க வீட்டுல குடுத்துட்டேனே பாப்பா," என்றார்.

அவர் எங்கள் தெருவுக்கு வருவது பதினொரு மணிக்கு. நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். அம்மா வேலையில் இருப்பாள். பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டு வீட்டில் இருந்தவள் அக்கா ஒருத்திதான்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். இரண்டு மாதம் கழித்து நாடகம் ஒலிபரப்பானது. ஜலதோஷம் பிடித்தது போன்ற குரலில் வேறு யாரோ ஒரு பெண் தண்ணீருக்குள் இருந்து கத்தினாள். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். அக்கா பாதியில் எழுந்து போய்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். மரியாதை வந்துவிட்டது. பிறந்தநாளுக்கு வாழ்த்து, காய்ச்சல் என்றால் விசாரிப்பு, அவள் கல்யாணத்தில் நான் பந்தி விசாரித்தேன், என் கல்யாணத்தில் அவள். இருபத்தெட்டு வருடம்.

4

இங்கே கதை நின்றுவிட்டது. காரணம், அக்கா பாத்திரம் சரியாக வரவில்லை.

ஒருத்தி கெட்டது செய்ய வேண்டும் என்றால் அவளுக்கு ஏதாவது வேண்டியிருக்க வேண்டும். பாடலில் மூத்தவளுக்கு மோதிரம் வேண்டும். என் அக்காவுக்கு என்ன வேண்டியிருந்தது? நடிப்பில் அவளுக்கு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. என்மேல் கோபமா? என் பள்ளிக்கூடப் பையை அவள்தான் தூக்கி வருவாள். எனக்குத் தலை பின்னிவிடுவாள், அதுவும் இழுக்காமல். நான் எழுத எழுத, தள்ளிவிடுகிறவள் ஆற்றங்கரை வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டு, அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பாத்திரம் சரியாக வராவிட்டால் அசலைப் போய்ப் பார்க்க வேண்டியதுதான். நேராகப் போய்க் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆனால் ஆறு மாதமாகப் பொடி எழுத்து தெரியவில்லை. மருந்துச் சீட்டைக் கை நீட்டிப் பிடித்துத்தான் வாசிக்கிறேன். அக்கா வைத்திருப்பது மூக்குக் கண்ணாடிக் கடை. கண்ணையும் அவளே சோதிப்பாள்.

[அடிக்குறிப்பு: கதைக்காகக் கண் மங்கியதாக நினைக்க வேண்டாம். நாற்பத்தொரு வயதில் எல்லோருக்கும் மங்கும்.]

5

கடை நீளமான ஒற்றை அறை. முன்பக்கம் சுவர் முழுக்கக் கண்ணாடிகள், பின்பக்கம் ஒரு திரை, திரைக்குப் பின்னால் உயரமான நாற்காலியும் எதிர்ச் சுவரில் எழுத்து அட்டையும். அக்கா என்னை உட்கார வைத்து, வட்ட வட்டமாகத் துளை வைத்த அந்தக் கனமான சோதனைச் சட்டத்தை என் மூக்கில் மாட்டினாள். அதை மாட்டிக்கொண்ட யாரும் கம்பீரமாக இருக்க முடியாது. ஒரு வில்லையைப் போட்டாள், எடுத்தாள், இன்னொன்றைப் போட்டாள்.

"முதல்ல போட்டது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா?"

முதல்ல போட்டது என்றேன். அப்படியே, பேச்சோடு பேச்சாக, ஒரு கதை எழுதுகிறேன் என்றும் அதில் ஒரு வானொலி நாடகம் வருகிறது என்றும் சொன்னேன். பிறகு, அட்டையின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே, "அந்த ரேடியோ லெட்டர் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

அக்காவின் கை நின்றது.

"அதை நீயா கேக்கறே?"

"நான் கேக்காம வேற யார் கேப்பா?"

"சரிதான்," என்றாள் அக்கா. "சின்னப் பொண்ணு, என்னமோ ஆத்தாமையில செஞ்சுட்டான்னு இத்தனை வருஷமா வாயே திறக்காம இருக்கேன். இன்னிக்கு வந்து என்னையே கேக்கறே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணிலும் பொருந்தாத வில்லை. அவள் முகமே கலங்கலாகத் தெரிந்தது.

அக்கா சொன்னாள். அந்த மாதம் ஒரு நாள் சாயங்காலம் நான் தபால்தலைகளைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தேன். நான் அப்போது தபால்தலை சேர்த்துக்கொண்டிருந்தது உண்மை. உறையோடு கிழித்த துண்டுகளை ஊறவைத்துத் தலையை மட்டும் உரித்து எடுப்பேன். அக்கா தண்ணீர் குடிக்க வந்தவள் கிண்ணத்தைப் பார்த்தாள். ஒரு துண்டில் வானொலி நிலையத்தின் பெயர் பாதி அச்சில் தெரிந்தது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. கடிதம் அக்காவுக்கு வந்திருக்கிறது, தங்கை பார்த்துவிட்டாள், கிழித்துவிட்டாள், தபால்தலையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"லெட்டரைக் கிழிச்சதுகூட எனக்கு அவ்வளவா வலிக்கலை," என்றாள் அக்கா. "ஸ்டாம்பை விட மனசு வரலை பாரு உனக்கு, அதுதான்."

நான் என் பங்குக்குத் தபால்காரர் சொன்னதைச் சொன்னேன். பதினொரு மணிக் கணக்கையும் சொன்னேன். பரீட்சை லீவில் காலை முழுக்கத் தான் நூலகத்தில் இருந்ததாக அக்கா சொன்னாள். வீட்டில் படிப்பு ஓடாதாம். அது எனக்குத் தெரியவே தெரியாது.

அக்கா சட்டத்தை என் மூக்கிலிருந்து கழற்றினாள். "உனக்கு ஸ்டாம்ப் எல்லாம் யார் குடுத்தா அப்ப?"

அம்மாதான், ஆபீஸிலிருந்து கொண்டுவந்து ஒரு கவரில் போட்டுத் தருவாள், நான் எதையும் பார்க்காமல் மொத்தமாக ஊறப் போடுவேன் என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

"அந்த வாரம் அம்மாவுக்கு மத்தியான ஷிப்ட்," என்றாள் அக்கா.

அந்த நேரம் பார்த்து ஒருவர் கடைக்குள் வந்து, கண்ணாடிக் காது ஆடுகிறது, திருகாணியை முடுக்கித் தர முடியுமா என்று கேட்டார். அக்கா திரையை விலக்கிக்கொண்டு போய் முடுக்கிக் கொடுத்தாள். அவர் போனதும் கதவில் 'மூடப்பட்டது' பலகையைத் திருப்பினாள். பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் கடையை மூடி நான் பார்த்ததில்லை.

6

அம்மா எங்கள் இருவர் வீட்டுக்கும் சரிநடுவில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். சரிநடுவில் என்றால் அப்படியே: இந்தப் பக்கம் நாலு பஸ் நிறுத்தம், அந்தப் பக்கம் நாலு. எண்ணிப் பார்த்துத்தான் வீடு பிடித்தாள். நாங்கள் ஆளுக்கு ஒரு வாரம் முறை வைத்துப் போவோம். சேர்ந்து வந்து நின்றதும், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

ஏழு அறைகள் கொண்ட மாத்திரை டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி உட்கார்ந்தோம். ஹெட்போன் மாட்டி மாட்டி அம்மாவுக்கு இடது காது போய்விட்டது. வலது பக்கம் இருந்து பேச வேண்டும். நாங்கள் இருவருமே வலது பக்கம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்ததில் அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அக்கா கேட்டாள்.

மழை வந்ததா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல, "ஆமா, வந்துச்சு," என்றாள் அம்மா. "நான்தான் வாங்கினேன். ஒருத்தியை மட்டும் வரச் சொல்லியிருந்தாங்க."

பிறகு மீதியையும் அவளே சொன்னாள். பெண்ணுக்குப் பரீட்சை, வர முடியாது என்று அன்றைக்கே பதில் எழுதிப் போட்டுவிட்டாள். கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். உறையில் இருந்த தபால்தலை புதுசாக இருந்தது. அதை ஏன் வீணாக்க வேண்டும் என்று மற்றவற்றோடு எனக்கு எடுத்து வைத்தாள்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று நான் கேட்டேன். அம்மா ஒரு மாத்திரையை வெள்ளிக்கிழமைக்குள் போட்டு மூடினாள். எங்கள் வீட்டில் எல்லாமே இரண்டாகத்தான் வரும் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு குடை, இரண்டு பேனா, ஒரே துணியில் இரண்டு பாவாடை. ஒன்றுதான் கிடைத்தது என்றால் அம்மா கத்தியோடு உட்கார்ந்துவிடுவாள். இருவரில் ஒருத்தி வெட்ட வேண்டும், மற்றவள் முதலில் எடுக்க வேண்டும்.

"ரெண்டா வெட்ட முடிஞ்சிருந்தா வெட்டியிருப்பேன்," என்றாள் அம்மா. "அதை எப்படி வெட்டறது?"

"அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஒழுங்கா பேசிக்கவே இல்லையே," என்றாள் அக்கா. "அது உன் கண்ணுல படவே இல்லையா?"

"பட்டுச்சு. வயசு அப்படின்னு நெனச்சேன். ஒண்ணுமில்லாததுக்கே இவ்வளவு முறைச்சுக்கறாளுங்களே, நல்லவேளை, லெட்டரைக் கண்ணுல காட்டலைன்னு நெனச்சுக்கிட்டேன்."

அக்கா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அக்கா சிரிக்கவில்லை என்பது தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வைத்த கை; எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்றெல்லாம் யோசனையாக இருந்தது. அவள் தட்டிவிடவில்லை.

[அடிக்குறிப்பு: வீட்டுக்கு வந்து அந்தப் பாடல்களை மறுபடி படித்தேன். மோதிரத்தை வாங்கி வருகிறவர் எப்போதும் அப்பா. தனக்கு இரண்டு பெண்கள் என்று அவருக்குத் தெரியும். வாத்தியம் பாடும்போது அவரும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கிறார், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஏன் ஒரு மோதிரம் மட்டும் வாங்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அம்மாவுக்காவது அந்தக் கேள்வி இருந்தது. பதில்தான் கொஞ்சம் விபரீதமாகப் போய்விட்டது.]

கிளம்பும்போது ஒரு கேள்வி மூன்று பேருக்கும் நடுவில் நின்றது. யார் பெயர்? அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்காத கேள்விக்கு, "மறந்து போச்சு," என்றாள். நாற்பது வருடத்துக்கு முந்தைய சந்தாதாரர்களின் நம்பர்களை இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுகிறவள்.

7

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அம்மா எங்கள் இருவர் முன்னிலையிலும் பெயரைச் சொல்லிவிடுகிறாள். எந்தப் பெயரைப் போட்டாலும் மற்றவளை எங்கே பார்க்க வைப்பது என்று தெரியவில்லை. ஜன்னலைப் பார்க்க வைத்தேன். அந்த ஜன்னலுக்கு வெளியே—

(வேண்டாம்.)

இரண்டாவது முடிவில் வாத்தியம் பாடுகிறது. அதாவது, வானொலி நிலையத்தின் பழைய கோப்பில் அந்தக் கடிதத்தின் நகல் கிடைக்கிறது. இதைக் கற்பனையாக விடாமல் நிஜமாகவே நிலையத்துக்குத் தொலைபேசி செய்தேன். பத்து வருடத்துக்கு மேற்பட்ட கோப்புகளை அழித்துவிடுவோம் என்றார் பேசிய பெண். எனக்காக வருத்தப்பட்டார். என்ன நிகழ்ச்சி என்று கேட்டார். சொன்னேன். அப்படி ஒரு நாடகம் வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, நடந்தது. அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குப் போவது என் முறை. துணி மடித்துக்கொண்டிருந்தோம். அம்மா திடீரென்று, "உன் பேர்தான்டி போட்டிருந்துச்சு," என்றாள். "பெரியவகிட்ட சொல்லிடாதே. தாங்க மாட்டா."

நாற்பத்தொரு வயது. இரண்டு பிள்ளைகளின் தாய். அன்றைக்கு பஸ் பிடிக்காமல் நாலு நிறுத்தமும் நடந்தே வந்தேன். வழியில் இரண்டு முறை எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். அக்கா மூன்றாம் முறை சத்தமில்லாமல் சொன்னதை நினைத்து, பாவம், அவள்தான் நன்றாக வாசித்தாள் என்று பெருந்தன்மையாக எண்ணிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் அக்காவின் முறை. அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், கடை நேரத்தில், என்னைக் கூப்பிட்டாள். கண்ணாடி தயாராகிவிட்டது என்றாள். சட்டம் என் முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றாள். பிறகு, "அம்மா உன்கிட்ட அந்த லெட்டரைப் பத்தி ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டாள்.

"இல்லையே. உன்கிட்ட?"

"என்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை," என்றாள். "விடு. நீ அன்னிக்கு ரொம்ப நல்லா வாசிச்சே. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

அவள் குரலில் ஒரு கனிவு இருந்தது. பரிசு கிடைக்காத குழந்தையிடம், கிடைத்த குழந்தை பேசுகிற கனிவு. எனக்கு அது சட்டென்று அடையாளம் தெரிந்தது. அந்த நிமிடம் நானும் அதே குரலில்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியை வாங்கப் போனபோது அக்கா அதைத் தானே என் முகத்தில் மாட்டி, காதுப் பக்கம் வளைத்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி வளைத்தாள். நாங்கள் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எதைப் பற்றி என்று ஞாபகமில்லை. நடுவில் வந்த இரண்டு வாடிக்கையாளர்கள் எங்களுக்கு இடைஞ்சலாக இருந்தார்கள். இப்போது அவள் வாரத்துக்கு மூன்று முறையாவது கூப்பிடுகிறாள். இருவரும் ஒருவரையொருவர் மிகவும் விட்டுக்கொடுத்துப் போகிறோம். ஜெயித்தவர்களுக்கு அது சுலபம்.

இந்த ஏழாவது பகுதியை வெட்டிவிட்டு அனுப்பலாமா என்று யோசித்தேன். அக்கா படித்துவிட்டால்? ஆனால் அக்கா என் கதைகளைப் படிப்பதில்லை. அட்டையைப் பார்த்து, "நல்லா இருக்குடி" என்று சொல்லி, கடை அலமாரியில் நிற்க வைத்துவிடுவாள். இருபது வருடமாக எனக்கு இது ஒரு மனக்குறை. இந்த ஒரு முறை மட்டும் அது புண்ணியமாகப் போகட்டும்.

ஆகவே முடிவை நான் எழுதப் போவதில்லை. நாங்கள் வாசித்ததை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்: ஒருத்தி மூன்று முறையும் கத்தினாள், ஒருத்தி கடைசியில் சத்தமே இல்லாமல் சொன்னாள். அம்மாவைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். கடிதத்தில் யார் பெயர் இருந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். செய்த பிறகு, தயவுசெய்து, மற்றவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.